ஒன்பது வீட்டுப் பத்திரத்தில் ஒரு மரம்

மின்சார இலாகாவில் ஹெல்பராகச் சேர்ந்த முதல் இரண்டு வருஷமும் நான் கம்பியைத் தொட்டதைவிட மரத்தைத் தொட்டதுதான் அதிகம். மழைக்காலத்துக்கு முன்னால் காரைக்கால் முழுக்க லைன் போகிற பாதையில் கிளை கழிக்க வேண்டும். பக்கத்துக் கிராமமான பூவத்தில் எங்கள் குடும்பம் விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே தென்னையும் பனையும் ஏறிப் பழகியவன் என்பதால் லைன் இன்ஸ்பெக்டர் என்னைத்தான் மேலே அனுப்புவார். இடுப்பில் அரிவாள், தோளில் கயிறு. வேம்பு, புளி, பூவரசு எதுவாக இருந்தாலும் எனக்கு இரண்டே வகைதான். கம்பியில் உரசும் கிளை, உரசாத கிளை. ஒரு மரத்தை அடியிலிருந்து நுனிவரை நிமிர்ந்து பார்த்ததாக நினைவே இல்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் ஊரின் மேற்கு ஓரத்தில் ஒரு தெருவுக்குப் புது லைன் இழுக்கப் போனோம். வயல் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒன்பது வீடுகள் மட்டும் இருந்த தெரு. ஒவ்வொரு வீட்டுக்கும் பெரிய தோட்டம். தெருவின் பாதியில் காம்பவுண்டு சுவர் நேராக வந்துகொண்டிருந்தது, ஓரிடத்தில் வளைந்து உள்ளே ஒதுங்கி, மறுபடி நேரானது. அந்த வளைவுக்குள் அது நின்றது.

முதலில் மரம் என்றே தோன்றவில்லை. சாம்பல் நிறத்தில், மடிப்பு மடிப்பாகத் தோல் தொங்க, ஏதோ ஒரு மிருகம் சுவரில் சாய்ந்து படுத்திருப்பது போலிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஒரு இலை இல்லை. அடியில் அத்தனை பருமனாக இருந்தது, மேலே போகப் போகத் திடீரென்று ஒடுங்கி, வேரைப் பிடுங்கித் தலைகீழாக நட்டது போல வானத்தில் விரிந்திருந்தது. அந்த உச்சிவெயிலில் பக்கத்தில் போய்க் கையை வைத்தேன். மண்பானையைத் தொட்டது போலக் குளிர்ச்சி. சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

"பட்டுப்போச்சு போல" என்றார் எங்கள் வயர்மேன்.

"பட்டும் போவல, ஒண்ணும் போவல. இன்னும் ஒரு மாசத்துல தழைச்சிடும்" என்று எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வாசலில் ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "அது எங்க தெருவோட சனியன். அதுக்குப் பேரும் கெடயாது. பெரிய மரம்னு சொல்லுவாங்க. விறகுக்கும் ஆவாது, நிழலுக்கும் ஆவாது. மொதல்ல அதை வெட்டுங்க, தெருவுக்கு வெளிச்சம் வரட்டும்."

விஷயம் இதுதான். தெரு குறுகல். ஒரு பக்கம் மரம், மறுபக்கம் குமாஸ்தாவின் ரோஜாத் தோட்டம். கம்பம் மரத்தின் பக்கம் வந்தால் மரம் போக வேண்டும். எதிர்ப்பக்கம் நட்டால், கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியைக் குமாஸ்தாவின் தோட்டத்துக்குள் புதைக்க வேண்டும். அவர் முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். ஆகவே எஞ்சினியர் போட்ட வரைபடத்தில் மரத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

மரம் நின்ற வீடு ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தினுடையது. அங்கே அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மாள் தனியாக இருந்தார். அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் எங்கோ வெளிநாட்டில். அம்மாள் முன்னறையில் ஆறு மெஷின் போட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். ஊரே அவரை டீச்சரம்மா என்று கூப்பிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தெருவுக்குக் கரண்ட் கேட்டு முதல் மனு போட்டதே அவர்தான். மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் அரிக்கேன் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தட்ட வேண்டியிருந்தது.

நாங்கள் கோடாலியோடு போன அன்று அவர் ஊரில் இல்லை. மாணவிகளைப் பரீட்சைக்கு அழைத்துக்கொண்டு மாயவரம் போயிருந்தார். அது தெரிந்துதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. இரண்டு மரவெட்டிகள் வந்திருந்தார்கள். வெட்டுவதற்கு முன் சுற்றளவு பார்க்கலாம் என்று வயர்மேன் விளையாட்டாகச் சொல்ல, இன்ஸ்பெக்டர் உட்பட நாங்கள் ஆறு பேரும் கைகோத்து மரத்தைச் சுற்றி நின்றோம். ஒரு முழம் மிச்சமிருந்தது. அந்தப் பக்கம் இருந்தவன் முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் எங்கோ சுவருக்கு அப்பாலிருந்து வருவது போல வந்தது. சிரித்துக்கொண்டேதான் செய்தோம். ஆனால் கையை விட்டதும் ஆளாளுக்கு அண்ணாந்து மேலே பார்த்தோம்.

மரவெட்டி முதல் வெட்டு வெட்டினார். சத்தமே வரவில்லை. புளியையும் வேம்பையும் வெட்டினால் டொங்கென்று ஒரு ஒலி தெறிக்கும். இங்கே கோடாலி நனைந்த வைக்கோல் போரில் விழுந்தது போல உள்ளே போய் நின்றுகொண்டது. ஆட்டி ஆட்டி இழுத்தால் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. வெள்ளரிக்காய் நறுக்கினால் வருமே, அப்படி ஒரு வாசனை.

"இது மரமே இல்லீங்க. பூசணிக்கா" என்றார் மரவெட்டி. இருபது வெட்டுக்குப் பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கோடாலி மாட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. தம்பி, நீ கொஞ்சம் போடு."

நானும் போட்டேன். அதை மறைத்துச் சொல்ல இஷ்டமில்லை. பத்துப் பன்னிரண்டு வெட்டு நானே போட்டேன். மதியத்துக்குள் ஒரு ஆள் கையை நீட்டினால் முழங்கைவரை போகிற அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. அந்த மரத்துக்கு அது பெரிய காயம் இல்லை. ஆனாலும் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

மூன்று மணி பஸ்ஸில் டீச்சரம்மா வந்துவிட்டார். கையில் தோல்பை, பின்னால் நான்கைந்து பெண்கள். சத்தம் போடுவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் தரையில் கிடந்த சிராய் ஒன்றை எடுத்தார். உள்ளங்கை அகலம் இருக்கும். துணியைப் பிழிவது போல இரண்டு கையாலும் பிழிந்தார். தண்ணீர் மணிக்கட்டு வழியாக இறங்கிச் சேலையில் சொட்டியது. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்த சித்திரை மாதம் அது.

எதிர்வீட்டுக் குமாஸ்தா வாசலுக்கு வந்தார். "ஒத்த மரத்துக்காக ஒம்பது வீடும் இருட்டுல கெடக்கணுமா டீச்சரம்மா? நீங்களே சொல்லுங்க. கரண்ட் வேணும்னு கையெழுத்து வாங்குனதும் நீங்கதான்."

"நான்தாங்க வாங்குனேன்" என்றார் டீச்சரம்மா. பிறகு எங்கள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "சார், நாளைக்குக் காலைல வந்து வெட்டுங்க. இன்னைக்கி ஒரு நாள் விடுங்க. மரம் என் எல்லையில இருக்கா, தெரு எல்லையில இருக்கான்னு பத்திரத்தைப் பாக்கணும். என்னுதுன்னா நான் சம்மதக் கையெழுத்து போடணும்ல? கையெழுத்து இல்லாம வெட்டுனா நாளைக்கி உங்களுக்குத்தான் தொந்தரவு."

இன்ஸ்பெக்டருக்கு அது நியாயமாகப் பட்டது. கோடாலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

மறுநாள் காலை எஞ்சினியரும் வந்துவிட்டார். தகரப்பெட்டியில் இருந்த பத்திரத்தை டீச்சரம்மா மேசைமேல் விரித்திருந்தார். பழைய பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரம், அவர் தாத்தாவுக்கும் அப்பா காலத்தது. பத்திரம் பதியும் அதிகாரியான நொத்தேர் கையெழுத்துப் போட்டது. மடிப்புகளில் கிழிந்து, மை பழுப்பாகி, பூச்சி அரித்திருந்தது. எஞ்சினியருக்குப் பிரெஞ்சு தெரியாது. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த டீச்சரம்மாவுக்குத் தெரியும். அவர் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துத் தமிழில் சொன்னார்.

"இந்தத் தோட்டத்தின் எல்லையாவது... வடகிழக்கு மூலையில் உள்ள பெரிய மரத்தில் ஆரம்பித்து..." அங்கேயே நிறுத்திவிட்டார்.

"அப்பறம்?" என்றார் எஞ்சினியர்.

"பெரிய மரத்துல ஆரம்பிச்சி, தெற்கால இத்தனை கோல்னு போவுது சார். மரம் என் எல்லைக்குள்ள இருக்குன்னு நெனச்சேன். அப்பிடி இல்ல. மரம்தான் எல்லை. இதை எடுத்துட்டா எங்கேருந்து அளக்குறது?"

எஞ்சினியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த எல்லை விவகாரம் பெரிதாகப் புரியவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் நெஞ்சில் வந்து மோதியது. அவர் தாத்தாவின் அப்பா காலத்திலேயே இது பெரிய மரம். ஒரு அதிகாரி எல்லை குறிக்க இடம் தேடி நாலாபக்கமும் பார்த்தபோது, ஆற்றையும் ரோட்டையும் விட்டுவிட்டு, இது இங்கிருந்து நகராது என்று நம்பி எழுதிய மரம். அன்றைக்கே பெரியது என்றால் அது சின்ன மரமாக இருந்த காலம் எது?

டீச்சரம்மா எழுந்துபோய் மெஷினில் காகிதம் செருகினார். கார்பன் வைத்து மூன்று நகல். அந்தப் பத்திரத்தை அப்படியே இங்கிலீஷில் தட்டி, பத்து நிமிஷத்தில் எஞ்சினியர் கையில் கொடுத்தார். அவர் தட்டிய வேகத்தைக் கண்டு இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"இந்தத் தெரு முழுக்க ஒரு காலத்துல எங்க குடும்பத்து நெலந்தான் சார்" என்றார் டீச்சரம்மா. "துண்டு துண்டா வித்ததுதான் மீதி எட்டு வீடும். மத்தவங்க பத்திரத்துலயும் என்ன எழுதிருக்குன்னு பாத்துட்டு அப்பறம் வெட்டுங்க."

அந்தக் காலைப் பொழுதை நான் மறக்க மாட்டேன். செய்தி பரவியதும் ஒவ்வொரு வீட்டிலும் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. யாரும் அதுவரை தங்கள் பத்திரத்தை வரிக்கு வரி படித்ததில்லை போலிருக்கிறது. சிலருடையது பிரெஞ்சில், சிலருடையது தமிழில். பிரெஞ்சுப் பத்திரக்காரர்கள் டீச்சரம்மா வீட்டு வாசலில் வரிசையாக வந்து நின்றார்கள். "பெரிய மரத்துக்கு மேற்கே", "பெரிய மரத்திலிருந்து அளந்த மூன்றாவது மனை", "பெரிய மரத்துக்கு நேர் எதிரே தெற்குப் பார்த்த மனை". கடைசியாகச் சொன்னது குமாஸ்தாவினுடையது. ஒன்பது பத்திரத்திலும் அது இருந்தது. ஒன்பது குடும்பமும் அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மண்ணில் நின்றுகொண்டிருந்தன.

குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். "முப்பது வருஷமா எதிர்த்தாப்புல இருக்கேன்" என்றார் மெதுவாக. "எம் மனையே இதுலேர்ந்துதான் ஆரம்பிக்கிதுன்னு தெரியாமப் போச்சே." பிறகு எஞ்சினியரிடம், "ஸ்டே கம்பியை எங்க பொதைக்கணும்னு காட்டுங்க சார். ரோஜாவை நான் தள்ளி வச்சிக்கிறேன்" என்றார்.

அவர் அன்றே இரண்டு தொட்டியை நகர்த்தினார்.

கம்பம் எதிர்ப்பக்கம் போனதில் ஒரே ஒரு கிளை மட்டும் கம்பிக்கு இடைஞ்சலாக இருந்தது. அதை எடுக்க நான் ஏறினேன். இரண்டு மூங்கில் ஏணியை ஒன்றாகக் கட்டி, அதற்கு மேல் கயிற்றைப் பிடித்து ஏறினேன். வழியில் மரத்தின் தோலில் ஏதோ வடுக்கள் தட்டுப்பட்டன. விரலால் தடவிப் பார்த்தேன். எழுத்து. யாரோ ஒரு காலத்தில் கத்தியால் செதுக்கிய பெயர். மரம் பருக்கப் பருக்க அந்த எழுத்துகளும் விரிந்து, ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலத்துக்குப் போய்விட்டது. தமிழா பிரெஞ்சா என்றுகூடத் தெரியவில்லை. செதுக்கியவர் மண்ணோடு போய் எத்தனை காலமோ, அவர் பெயர் மட்டும் யாராலும் படிக்க முடியாத அளவுக்கு வளர்ந்துகொண்டே இருந்தது.

கிளைகள் பிரியும் இடத்தில் நாலு பேர் படுத்து உறங்கலாம். நடுவில் ஒரு குழி, அதில் பழைய தண்ணீர், தண்ணீரில் மிதக்கும் மைனா இறகு. எழுந்து நின்று பார்த்தேன். கிழக்கே ஊர் முழுவதும் கீழே கிடந்தது. கோவில் கோபுரம், மாதா கோவில் கூம்பு, பள்ளிவாசல் மினார், அவற்றுக்கு அப்பால் ஒரு நீலக் கோடு. மேற்கே அறுத்துக் காய்ந்த வயல்கள், கண்ணுக்கு எட்டியவரை. தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே நாம் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்போம், உயிர் கையில் இருக்கும். இங்கே ஒரு கூடத்தில் நிற்பது போல நின்றேன். காலடியில் அந்தப் பருமன் அசையவே இல்லை. எனக்கு முன்னால் இங்கே நின்றவர்கள் எந்தக் கப்பலைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

"என்னாடா, தூங்கிட்டியா?" என்று கீழேயிருந்து இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"கடல் தெரியுது சார்."

"கடலப் பாக்கவா சம்பளம் குடுக்குறாங்க? கெளைய வெட்டிட்டு எறங்கு."

வெட்டினேன். ஆனால் வெட்டுவதற்கு முன் கிளையைத் தட்டிக் கொடுத்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஆனி மாதம் லைன் தயாராயிற்று. அதற்குள் மரம் தழைத்துவிட்டது. இலவம் இலை மாதிரி விரல் விரலாகப் பச்சை. சுவிட்ச் போட எஞ்சினியர் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார். ஒன்பது வீட்டுக்காரர்களும் தெருவில் கூடியிருந்தார்கள், யாரோ பூசணிக்காய்கூட வாங்கி வைத்திருந்தார்கள் திருஷ்டி சுற்ற.

"சார், ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்குங்க" என்றார் டீச்சரம்மா. "வெளக்கு போட்டாச்சுன்னா எல்லாரும் பல்பையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. மேல பாருங்க."

நீளமான காம்புகளில் தலைகீழாக மொட்டுகள் தொங்கின, ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. வெயில் இறங்கி வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மொட்டு நடுங்கியது. பச்சைத் தோல் பிளந்து சுருண்டு மேலே போக, உள்ளேயிருந்து வெள்ளை இதழ்கள், கசங்கிய பட்டுத்துணி நிமிர்வது போலக் கண்ணெதிரே விரிந்தன. பூ மலர்வதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மலர்ந்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று, இன்னொன்று, அப்புறம் எண்ண முடியவில்லை. குழந்தைகள் விரலை நீட்டி நீட்டிக் கத்தினார்கள். பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பழந்தின்னி வௌவால்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு பூவிலும் தொங்கி, முகத்தைப் புதைத்து, மாவு பூசிய மூஞ்சியோடு அடுத்த பூவுக்குப் போயின.

குமாஸ்தாவின் மனைவி, "வருஷா வருஷம் காலைல வாசல் கூட்டையில இந்தப் பூவைத்தான் அள்ளிக் கொட்டுறேன். இப்பிடியாப் பூக்குது?" என்று யாரிடமோ கேட்டார்.

பிறகுதான் சுவிட்சைப் போட்டோம். எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் பல்பு எரிந்த பிறகும் பாதிப்பேர் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு என் வேலையே மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கிளை வெட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் தெரியாத மரம் கண்ணில் பட்டால் வெட்டுவதற்கு முன் வீட்டுக்காரர்களிடம் இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் வந்தது. இந்தச் சின்ன ஊரின் வீட்டுத் தோட்டங்களில் கப்பலில் வந்து இறங்கிய மரங்கள் எத்தனை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு மரைக்காயர் வீட்டில் மகாகனி. அதன் காய் வெடித்தால் விதைகள் பம்பரம் போலச் சுழன்று இறங்கும். போலகம் பக்கம் ஒரு வீட்டில் சீமைப்பலா, மாமனார் ரேயூனியன் தீவிலிருந்து பிஸ்கட் டின்னில் வேரை வைத்துக் கொண்டுவந்தது என்றார் அந்த வீட்டு மருமகள். அந்த மரத்தின் பழத்தில் கொட்டை கிடையாது. வேரிலிருந்து வரும் கன்றை யாராவது கையால் எடுத்து வைத்தால்தான் உண்டு. அப்படியானால் உலகத்தில் எந்தெந்தத் துறைமுகத்திலிருந்தோ கைமாறிக் கைமாறித்தான் அது அந்தக் கொல்லைக்கு வந்திருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் சொன்னால், "மரத்துக்கெல்லாமாடா இப்பிடி வாயைப் பொளப்ப?" என்பார்கள்.

எழுபத்தேழு ஐப்பசியில் அடித்த புயலில் எங்கள் லைன் முழுக்கப் போயிற்று. கம்பங்கள் நெல்தாள் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அந்தத் தெருவுக்கு என்னால் மூன்றாம் நாள்தான் போக முடிந்தது. போகும் வழியில் நூறு வயது சொல்லும் புளியமரங்கள் வேரோடு புரண்டு, ரோட்டை மறித்துக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த மரமும் இருக்காது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ளாவிட்டால் போய்ப் பார்க்கத் தைரியம் வந்திருக்காது.

நின்றுகொண்டிருந்தது. தெற்குப் பக்கத்து ஒரு பெரிய கிளை முறிந்து தெருவை அடைத்துக் கிடந்தது, அவ்வளவுதான். டீச்சரம்மா வீட்டு ஓடுகள் பாதி இல்லை. அவர் டைப் மெஷின்களைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேறு வாரிக்கொண்டிருந்தார்.

"காத்து அடிச்சப்ப ஒரு சத்தம் போட்டுது தம்பி" என்றார். "மரம் முறியிற சத்தம் இல்ல. யாரோ பெருமூச்சு விடுற மாதிரி. நான் ஜெபமாலையைப் பிடிச்சிக்கிட்டு அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். அது நிக்கிற வரைக்கும் நானும் இருப்பேன்னு தோணிச்சி."

நான் மரத்தைச் சுற்றி வந்தேன். நாலரை வருஷத்துக்கு முன் நாங்கள் வெட்டிய பள்ளத்தைத் தேடினேன். உடனே கிடைக்கவில்லை. நாலு பக்கமிருந்தும் தோல் தடித்து உருண்டு வந்து, உதடு மூடுவது போல மூடியிருந்தது. கட்டைவிரல் நுழையும் ஒரு துளைதான் பாக்கி. அந்தத் துளைக்குள் விரலை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

முறிந்த கிளையை அப்புறப்படுத்த ஆள் வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வெயில் ஏறியதும் நாளுக்கு நாள் வற்றி, தாள் தாளாகப் பிரிந்து, தை மாதத்துக்குள் பழைய நியூஸ்பேப்பர் கட்டு போல ஆகிவிட்டது. மீன்பிடிக் கிராமத்துப் பெண்கள் வந்து காய்ந்த காய்களை மட்டும் வலைக்கு மிதப்பாகக் கட்ட என்று கூடை கூடையாகக் கொண்டுபோனார்கள்.

எண்பத்திரண்டில் டீச்சரம்மாவின் அண்ணன் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். மீட்டர் பெட்டி மாற்றிக் கொடுக்க நான் போயிருந்தேன். வெள்ளைக் கால்சட்டை போட்ட உயரமான மனிதர், மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டீச்சரம்மா, "அண்ணே, இந்தத் தம்பிதான் மொதல்ல வெட்டுனது. அப்பறம் காப்பாத்துனதும் இதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் காப்பாற்றவில்லை.

"இது என்னா மரம்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

"பெரிய மரம்னு சொல்லுவாங்க."

"நானும் அப்பிடித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், இருவது வயசு வரைக்கும்." அவர் நாற்காலியை எனக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "பட்டாளத்துல சேந்தவுடனே தாக்காருக்கு அனுப்பிட்டாங்க. ஆப்பிரிக்கா. பாஷை தெரியாது, சாப்பாடு ஒத்துக்கல. ஊரை நெனச்சி நெனச்சி அழுவாத நாளே கெடயாது. ஒரு நாள் லாரியில ஏத்திக்கிட்டு உள்நாட்டுப் பக்கம் போறாங்க. வெட்டவெளி. திடீர்னு பாக்குறேன், எங்க வீட்டு மரம் நிக்கிது."

நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஒண்ணு இல்லீங்க. கண்ணு போற தூரம் வரைக்கும் அதுதான். நூறு, ஆயிரம். ஊருக்கு ஊரு, குடிசைக்குக் குடிசை. அதே தோலு, அதே காய். நான் லாரியிலேயே எழுந்து நின்னு, இது எங்க மரம், எங்க மரம்னு தமிழ்ல கத்துறேன். எல்லாம் சிரிக்கிறானுவ. கூட இருந்த அந்த ஊர்ச் சிப்பாய் ஒருத்தன், விஷயத்தைக் கேட்டுட்டுச் சொன்னான், உங்க மரம் இங்க வரல, எங்க மரம்தான் உங்க வீட்டுக்கு வந்துருக்குன்னு. பாவோபாப்னு பேரு சொன்னான். அவுங்க கிராமத்துல செத்தவங்களை எல்லாம் அதுக்குத் தெரியும்னு நம்புவாங்களாம். அன்னையிலேர்ந்து எனக்கு ஊர் ஏக்கம் போயிடுச்சி. சாயந்தரம் ஆச்சுன்னா ஏதாவது ஒரு மரத்தடியில போயி உக்காந்துக்குவேன். வீட்டுல இருக்குற மாதிரியே இருக்கும்."

டீச்சரம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இதை அவர் பலமுறை கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் கண் கலங்கியிருந்தது.

நான் அண்ணாந்து மரத்தைப் பார்த்தேன். ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு பாய்மரக் கப்பலில், யாரோ ஒருவர் பையிலோ மடியிலோ இருந்த ஒரு விதை. வியாபாரியா, அடிமையாகக் கொண்டுவரப்பட்டவரா, சிப்பாயா, தெரியாது. அவர் இந்த உப்புக்காற்று ஊரில் இறங்கி, கையால் மண்ணைத் தோண்டி அதை வைத்திருக்கிறார். தன் ஊர் மரத்தடியில் உட்கார வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்குமோ என்னவோ. அது வளர்ந்து, அவரையும் மறந்து, அவர் ஊரையும் மறந்து, ஒன்பது வீட்டுக்கு மூலைக்கல்லாக ஆகி நிற்கிறது. இங்கிருந்து போன ஒரு பையனுக்கு அங்கே வீடாகவும் இருந்திருக்கிறது.

"யாருங்க கொண்டாந்து வச்சிருப்பா?" என்று கேட்டேன்.

"அது யாருக்குத் தெரியும்?" என்றார் அவர். "ஆனா ஒண்ணு. வச்சவன் இதோட நிழல்ல உக்காந்திருக்க மாட்டான். அவன் பாத்தது என்ன, இந்த ஒசரம் இருந்திருக்கும்." முழங்கால் அளவுக்குக் கையைத் தாழ்த்திக் காட்டினார்.

எண்பத்தைந்தில் எனக்குத் திருமலைராயன்பட்டினம் பகுதிக்கு மாற்றல் வந்தது. போவதற்கு முன் ஒரு நாள் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். அன்று பகல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது, ஆறு மெஷினும் ஒரே நேரத்தில் தட்டும் சத்தம் தெருவரை கேட்டது. அண்ணன் வெளியே வந்து வரவேற்றார். என் மனைவி, நான் இத்தனை வருஷமாகச் சொன்னதெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொன்னது என்றே நினைத்திருந்தாள். சுவர் வளையும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். பிறகு மெதுவாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். அவர்கள் அந்தப் பக்கம் மறைந்து, மறுபடி இந்தப் பக்கம் வந்து சேர ரொம்ப நேரம் ஆயிற்று.